மூன்றாம் கியரில் வந்தவள்

கடலூர் முதுநகரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை
மூன்றிலேயே வந்தேன் என்றாள் ஜெசிந்தா.
இறங்கவில்லை, ஜன்னல் வழியே சொன்னாள்.
ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பும்போது
வண்டி முக்கியதாம்,
நிறைமாதக்காரி மாடிப்படி ஏறுவதுபோல.
பின்னால் பத்துப் பெட்டி வஞ்சிரம்.
ஐஸ் தண்ணீர் சொட்டி
பட்டறை வாசலில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

இடது காலில் அடி தடித்த ஷூ.
கிளச் இல்லாத வண்டியை
எதற்குக் கடன்பட்டு வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை.
அவள்தான் கேட்டாள்:
ஆட்டோமேட்டிக் பார்ப்பீங்களா?
பார்ப்பேன் என்றேன்.
இருபத்தாறு வருஷத்தில் லாரி, டெம்போ,
ஒரு தடவை அமரர் ஊர்தி.
எல்லாவற்றுக்கும் மூன்று பெடல்.
பொய் சொல்லும்போது நான் ஸ்பேனரைத் துடைப்பேன்.
அன்று பதினான்காம் நம்பர் பளபளத்தது.

மீன் வேறு வண்டியில் போனது.
நான் மல்லாந்து படுத்து எண்ணெய்த் தட்டைக் கழற்றினேன்.
சிவப்பாய் வரவேண்டியது
பழம்புளி கரைத்த தண்ணீராய் வந்தது, லேசாய்க் கருகல்.
தட்டின் மூலையில் காந்தம்;
அதன்மேல் இரும்புத் தூள்
நனைந்த பூனைக்குட்டியாய்ச் சிலிர்த்துக் கிடந்தது.

அதற்கும் மேலே வால்வ் பாடி.
உள்ளங்கை அகலத்தில் இத்தனை வாய்க்கால்களை
பாகூர் ஏரிக்குக் கீழேகூட நான் பார்த்ததில்லை.
வாய்க்காலுக்கு வாய்க்கால் எண்ணெயைத் திருப்ப
நான்கு சொலினாய்டுகள்.
மடை திறப்பவனுக்கு மடையன் என்று பேர்.
நான்கு மடையர்கள்.
கீழே படுத்திருந்தவனோடு ஐந்து.

டியூப்லைட் அட்டையில் படம் வரைந்து
எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ
அங்கேயே குத்தி வைத்தேன்.
குட்டை, நெட்டை, நடுத்தரம்.
பாட்டரி வயரைத் தொட்டால்
டிக். டிக். டிக். டிக்.
நால்வரும் உயிரோடுதான்.
டீக்கடையில் வெந்நீர் வாங்கி
பாலித்தீன் கவரில் சுற்றி ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
இரண்டாமவன் ஊமையானான்.
ஆறினால் பேசுகிறான், சூடேறினால் வாயடைத்துப்போகிறான்.
எனக்கும் அந்த வியாதி உண்டு.

ராத்திரி போனில் படித்தேன்.
மடையர் எல்லோரும் கைவிட்டாலும்
மூன்றாம் வாய்க்கால் மட்டும் தானே திறக்குமாம்.
எந்த ஊர்க்காரனோ, முகம் தெரியாதவன்,
முன்கூட்டியே யோசித்திருக்கிறான்:
வேகம் வேண்டாம், மேடு ஏற வேண்டாம்,
வீடு போய்ச் சேரட்டும்.

மூன்றாம் நாள் சென்னை பஸ்ஸில் வந்தது பார்சல்.
நான்கையும் மாற்றினேன்.
ஒருவன் போனால் மற்றவர்களை நம்ப முடியாது.
படத்தில் ஆறு குண்டுகள், மிளகளவு.
என் தட்டில் ஐந்து.
பெஞ்சுக்கடியில் காந்தத்தை விட்டுத் துழாவினேன்,
டயர் சந்தில், சாக்கின் மடிப்பில், என் சட்டைப்பையில்.
கணக்குப் பார்க்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா
இடது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள்.
அடிப்பள்ளத்தில் மினுங்கியது.
இதுவா?
காலில் உறுத்தியதா என்றேன்.
கால் சொல்லல. நீங்க முழிச்ச முழி சொல்லிச்சு.
பிறகு, விரலால் எண்ணெயைத் துடைத்தபடி:
முதல் தடவைதானே?
கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை.

குண்டை வாசலின் வைத்து ஒட்டி
போல்ட்டுகளை
கைக்குழந்தைக்குத் தோடு திருகும் பலத்தில் முடுக்கி
புது எண்ணெய் ஊற்றினேன்.
மாதுளை நிறம்.

வில்லியனூர் சாலையில் அவள் ஓட்டினாள்.
நான் பக்கத்தில்.
ஒன்று.
இரண்டு எப்போது வந்தது, தெரியவில்லை.
மூன்று வந்தது எஞ்சின் சத்தம் தணிந்ததில் தெரிந்தது.
நான்கில் ஜன்னல் காற்று மட்டும்.
அவள் இடது கால் மிதியடிமேல் சும்மா கிடந்தது.
என்னுடையதுதான்
ஒவ்வொரு கியருக்கும் தரையை மிதித்துக்கொண்டு வந்தது.

அங்க ஒண்ணுமில்ல மெக்கானிக்கு, என்றாள்.